லினக்ஸ் பூட் ஆகவில்லையா? பார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். வழக்கமாக வரும் டெஸ்க்டாப் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்து நிற்கிறது. எந்தக் கீயைத் தட்டினாலும் பலனில்லை. தெரிந்தவர் ஒருவரைக் கேட்டால், "ஓ.எஸ். போயிடுச்சு, பார்மட் பண்ணிடலாம்" என்கிறார். நீங்களும் தலையாட்டி விடுகிறீர்கள். சிறிது நேரத்தில் கம்ப்யூட்டர் புதிதுபோல் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அதில் இருந்த போட்டோக்கள், வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்கள் எதுவும் இருக்காது.

பெரும்பாலான நேரங்களில் இந்த இழப்பு தேவையே இல்லாதது. கம்ப்யூட்டர் பூட் ஆவது வேறு, உங்கள் பைல்கள் டிஸ்கில் இருப்பது வேறு. வாசல் கதவின் பூட்டு திறக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை. பூட் பிரச்சினையும் அப்படித்தான்.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அழைப்பு வரும். சமீப காலமாக வரும் அழைப்புகளில் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் அதிகம். காரணம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். பழைய டெஸ்க்டாப்களில் இவை கிடையாது. எனவே பலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறியது நல்லதுதான். பூட் ஆகாதபோது என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்டேஷனில் நிற்கிறது?

ஆன் செய்தது முதல் டெஸ்க்டாப் தோன்றும் வரை நடப்பதற்குப் பெயர்தான் பூட். இது ஒரே வேலை அல்ல. ஒரு சின்ன புரோகிராம் தன்னைவிடப் பெரிய புரோகிராமை எழுப்பி, அதனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது அடுத்ததை எழுப்பும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் காத்திருக்கிறீர்கள், ரயில் வரவில்லை. உடனே "ரயிலே இல்லை" என்று முடிவு கட்ட மாட்டீர்கள். வண்டலூரைத் தாண்டியதா, கூடுவாஞ்சேரியைத் தாண்டியதா, மறைமலை நகருக்கு வந்துவிட்டதா என்று விசாரிப்பீர்கள். கம்ப்யூட்டரிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அது கடைசியாகத் தாண்டிய ஸ்டேஷன் எது?

மொத்தம் ஐந்து ஸ்டேஷன்கள்:

1. மின்சாரம் வருவதும், மதர்போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும்.
2. பயாஸ், எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்று தேடுவது.
3. கிரப் என்ற பூட் லோடர், லினக்ஸை டிஸ்கிலிருந்து எடுத்து மெமரியில் ஏற்றுவது.
4. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஓடத் தொடங்கி, உங்கள் பைல்கள் உள்ள பார்ட்டிஷனைத் திறப்பது.
5. லாகின் திரையும் டெஸ்க்டாப்பும் வருவது.

திரையில் கடைசியாகத் தெரிந்த வரியை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

ஒரு பிடிவாதக்கார டெஸ்க்டாப்

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். 2015-ல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் அவருடையது. அதில் லினக்ஸ் மின்ட் போட்டிருந்தார். ஒரு மழை நாளில் மின்சாரம் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. சர்வீஸ் கடையில் பார்மட் செய்யச் சொல்லிவிட்டார்கள். "தம்பி, பார்மட் பண்ணா ஆறு வருஷமா டைப் பண்ண கொஸ்டின் பேப்பர் எல்லாம் போயிடுமா? எங்க அப்பா போட்டோவும் அதுலதான் இருக்கு" என்று கேட்டார். போட்டோக்களுக்கு வேறு பிரதி இல்லை.

இந்தக் கம்ப்யூட்டரில் கோளாறு ஒன்றல்ல, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு. அதனால்தான் பிடிவாதக்காரன் என்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஸ்டேஷன் 1: திரையில் எதுவுமே வரவில்லை

பேன் சுற்றுகிறது, மானிட்டரில் எதுவும் இல்லை, அல்லது பீப் பீப் என்று சத்தம் மட்டும் வருகிறது. இதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

முதலில் மானிட்டர் கேபிளைச் சரிபாருங்கள். பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினெட்டைத் திறந்து ராம் கார்டைக் கழற்றுங்கள். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, இரு பக்கக் கிளிப்பும் 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். தூசியும் ஈரக்காற்றும் உள்ள நம் ஊரில் பாதி 'செத்த' கம்ப்யூட்டர்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும். அப்படியும் வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். அல்லது மதர்போர்டைக் கடையில் காட்டவும். உங்கள் ஹார்ட் டிஸ்குக்கு இதில் எந்தச் சேதமும் இருக்க வேண்டியதில்லை.

ஸ்டேஷன் 2: பயாஸுக்கு டிஸ்க் தெரியவில்லை

டீச்சரின் கம்ப்யூட்டர் முதலில் நின்றது இங்கேதான். சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்யுமாறு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. டிஸ்க் காலியாகிவிட்டது என்றுதான் இதைப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதற்கு அர்த்தம் அதுவல்ல. தான் பார்த்த இடத்தில் தொடக்க புரோகிராம் இல்லை என்று மட்டுமே பயாஸ் சொல்கிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே டெலீட் அல்லது எப்2 கீயை விட்டுவிட்டுத் தட்டினால் பயாஸ் திரை வரும். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, தேதி. டீச்சரின் கம்ப்யூட்டர் 2014 ஜனவரி 1 என்று காட்டியது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கும். அதன் பெயர் சி.ஆர்.2032, அளவு 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும், பல மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பாற்றுவதும் இதுதான். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. நாமோ இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். அதனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆன் செய்ததும் கடிகாரம் தவறாகக் காட்டி, இன்டர்நெட் வந்த பிறகு தானாகச் சரியானால், பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, டிஸ்கின் பெயர். பயாஸ் பட்டியலில் உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. தெரிகிறதா? தெரியவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். தெரிந்தால் மேற்கொண்டு போகலாம்.

மூன்றாவது, பூட் முறை. இதில் இரண்டு வகை உண்டு. பழைய லெகஸி முறை, டிஸ்கின் முதல் 512 பைட்டில் தொடக்க புரோகிராமைத் தேடும். புதிய யு.இ.எப்.ஐ. முறை, டிஸ்கில் அதற்கென்று உள்ள சின்னப் பார்ட்டிஷனில் தேடும். எந்த முறையில் லினக்ஸை இன்ஸ்டால் செய்தீர்களோ அந்த முறையிலேயே பூட் செய்ய வேண்டும். மாறினால் ஒன்று வைத்ததை மற்றது கண்டுபிடிக்காது.

டீச்சரின் கம்ப்யூட்டரில் நடந்தது இதுதான். பேட்டரி தீர்ந்ததால் பயாஸ் அமைப்புகள் அழிந்து, யு.இ.எப்.ஐ.-யில் இருந்தது லெகஸிக்குத் திரும்பிவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, புதுப் பேட்டரியை பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, தேதியைத் திருத்தி, பூட் முறையை யு.இ.எப்.ஐ. என்று மாற்றி, எப்10 தட்டி சேவ் செய்தேன். செலவு நூறு ரூபாய்க்குள். இந்தக் கோளாறை பார்மட் சரிசெய்திருக்காது. அதே பேட்டரியோடு அடுத்த மின்வெட்டில் மறுபடியும் நின்றிருக்கும்.

ஸ்டேஷன் 3: கிரப் மெனுவோடு நிற்கிறது

நம் ஊரில் கிரப் மெனு பலருக்கு அறிமுகமானது தமிழக அரசின் இலவச லேப்டாப்பில்தான். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும் அந்தப் பட்டியல்தான் கிரப்.

இங்கே வரும் பிரச்சினைகள் மூன்று வகை.

அ) விண்டோஸை மட்டும் மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகு லினக்ஸ் பட்டியலே வரவில்லை. லினக்ஸ் அழியவில்லை. தொடக்க இடத்தில் விண்டோஸ் தன் பூட் லோடரை வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆ) கிரப் ரெஸ்க்யூ என்ற சொல்லுடன் கர்சர் துடிக்கிறது. ஏதோ பார்ட்டிஷனை நீக்கியதாலோ மாற்றியதாலோ கிரப்புக்குத் தன் மீதிப் பகுதி எங்கே என்று தெரியவில்லை.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே. லினக்ஸ் மின்ட் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, மெனுவில் பூட் ரிப்பேர் என்ற புரோகிராமைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட ரிப்பேர் என்ற பட்டனைக் கிளிக் செய்யவும். அது முடியும்வரை இன்டர்நெட் இணைப்பு இருக்கட்டும். பென் டிரைவையும் முன்பு சொன்ன அதே பூட் முறையில் தொடங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இ) செக்யூர் பூட் தடுக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் நோக்கத்தில், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்த பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸையே நிறுத்திவிட்டது. ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று திரையில் வந்த செய்தியைப் பார்த்துப் பலர் பயந்துபோனார்கள். உள்ளே எல்லாம் பத்திரமாகவே இருந்தது. இதுபோல் நேர்ந்தால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து, எல்லா அப்டேட்டுகளையும் போட்டுவிட்டு மறுபடி இயக்கவும். விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால் அதன் ரெகவரி கீயை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும்.

ஸ்டேஷன் 4: கெர்னல் வந்துவிட்டது, டிஸ்க் திறக்கவில்லை

டீச்சரின் கம்ப்யூட்டர் பேட்டரி மாற்றியதும் கிரப்பைத் தாண்டியது. மின்ட் லோகோ வந்தது. பிறகு திரை கறுத்து, இனிட்ராம்எப்எஸ் என்ற சொல்லோடு நின்றது. "இன்னும் சரியாகலையே தம்பி" என்றார் டீச்சர். புதியவர்கள் பலரும் இங்கேதான் மனம் தளர்ந்து பார்மட்டுக்குச் சம்மதிக்கிறார்கள். செய்தி மாறியிருக்கிறது என்றால் ரயில் அடுத்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். இது தோல்வி அல்ல, முன்னேற்றம்.

இந்த நிலை ஏன் வருகிறது? லினக்ஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது எக்ஸ்ட்4 என்ற பைல் சிஸ்டம். இது 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கெர்னலில் நிலையான வடிவம் பெற்றது. மளிகைக் கடைக்காரர் வியாபாரத்தை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவார் அல்லவா? எக்ஸ்ட்4-ம் மாற்றங்களை முதலில் ஜர்னல் என்ற சிட்டையில் எழுதும். மின்சாரம் நடுவில் போனால் அடுத்த முறை சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். பல மின்வெட்டுகளை நாம் கவனிக்காமலே கடந்துவிடுவது இதனால்தான். ஆனால் மின்சாரம் அடுத்தடுத்துப் போய் வந்தால் சில நேரம் கணக்கு ஒத்துப்போகாது. அப்போது லினக்ஸ் தானாக எதையும் திருத்தாமல், நீங்களே சோதனை செய்யுங்கள் என்று கேட்டு நின்றுவிடும். கடிகாரம் பத்து வருடம் பின்னுக்குப் போயிருந்தாலும் இந்தச் சோதனை சில சமயம் குழம்பும்.

இதைச் சரிசெய்யும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பைல்களை வெளியே எடுங்கள். திருத்தும் வேலை டிஸ்கில் எழுதும் வேலை. பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்கில் அது நிலைமையை மோசமாக்கலாம்.

லைவ் பென் டிரைவில் பைல்களை மீட்பது

1. வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்து, ரூபஸ் அல்லது எட்சர் மூலம் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதவும். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.
2. கோளாறான கம்ப்யூட்டரில் செருகி, ஆன் செய்யும்போது பூட் மெனு கீயைத் தட்டவும். மதர்போர்டைப் பொறுத்து அது எப்8, எப்11 அல்லது எப்12 ஆக இருக்கும்.
3. லினக்ஸ் டெஸ்க்டாப் வரும். இது பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. உங்கள் டிஸ்கை இன்னும் தொடவில்லை.
4. டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் என்ற ஐகான் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். டிஸ்கை அழித்து இன்ஸ்டால் செய்யும் வழி அதற்குள்தான் இருக்கிறது.
5. பைல் மேனேஜரைத் திறந்து இடப்பக்கம் உங்கள் டிஸ்கைக் கிளிக் செய்யவும். ஹோம் போல்டரில் உங்கள் பெயருள்ள போல்டர் இருக்கும். அதை வெளி ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்யவும்.
6. காப்பி ஆன பைல்களில் நாலைந்தைத் திறந்து பார்க்கவும். திறந்தால்தான் காப்பி ஆனதாகக் கணக்கு.

டீச்சரின் வினாத்தாள்களும் போட்டோக்களும் முழுவதுமாக வந்துவிட்டன. பிறகு அதே லைவ் டெஸ்க்டாப்பில் டிஸ்க்ஸ் என்ற புரோகிராமைத் திறந்தேன். அதன் மெனுவில் ஸ்மார்ட் என்ற பகுதி டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டியது. லினக்ஸ் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கர ஐகானைக் கிளிக் செய்து, பைல் சிஸ்டத்தை ரிப்பேர் செய்யும் வரியைத் தேர்ந்தெடுத்தேன். சில நிமிடங்களில் முடிந்தது. பென் டிரைவை எடுத்துவிட்டு ரீபூட் செய்ததும் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்தது.

அப்டேட் போட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் இந்த ஸ்டேஷனில் கோளாறு வரும். கெர்னல் பேனிக் என்று செய்தி வந்தால், ஆன் செய்யும்போது எஸ்கேப் கீயைத் தட்டி கிரப் மெனுவை வரவழைக்கவும். லெகஸி முறை என்றால் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடிக்கவும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போனால் பழைய கெர்னலும் பட்டியலில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்து, பாதியில் நின்ற அப்டேட்டை முடித்துவிடலாம்.

ஸ்டேஷன் 5: எல்லாம் ஓடுகிறது, டெஸ்க்டாப் மட்டும் இல்லை

லோகோ வந்த பிறகு வெறும் கறுப்புத் திரை என்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான் காரணம். கிரப் மெனுவில் முதல் வரியில் நின்று 'இ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டவும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், ஓர் இடைவெளி விட்டு, நோமோட்செட் என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாகச் சேர்த்து எப்10 தட்டவும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் சரியான டிரைவரைப் போடவும்.

பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் லாகின் திரைக்கே திரும்பி வந்தால், டிஸ்க் நிரம்பியிருக்கலாம். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெகவரி மோடு என்று ஒன்று இருக்கும். அதில் க்ளீன் என்ற வரி கொஞ்சம் இடத்தைக் காலி செய்து கொடுக்கும்.

எப்போது கடைக்குப் போவது?

டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, காப்பி செய்யும்போது அடிக்கடி நின்றாலோ, ஸ்மார்ட் சோதனை டிஸ்க் பழுதாகப்போகிறது என்று சொன்னாலோ, மேற்கொண்டு எதையும் முயல வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். எந்தக் கடையில் கொடுத்தாலும், "டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பார்மட் அரை மணி வேலை, கோளாறைத் தேடுவது அரை நாள் வேலை. டேட்டா முக்கியம் என்று நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இன்றே செய்து வையுங்கள்

* ஒரு லைவ் பென் டிரைவ் தயாரித்து, பெயர் ஒட்டி மேஜை டிராயரில் வையுங்கள். கம்ப்யூட்டர் படுத்த பிறகு தயாரிக்க வேறு கம்ப்யூட்டர் தேட வேண்டியிருக்கும்.
* கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே பயாஸின் பூட் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள்.
* தாம்பரத்துக்குத் தெற்கே மழைக்காலத்தில் மின்சாரம் போவது புதிதல்ல. 2016 டிசம்பர் வார்தா புயலையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு சிறிய யு.பி.எஸ். இருந்தால் முறையாக ஷட் டவுன் செய்ய நேரம் கிடைக்கும். இடி மழையில் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.
* கெர்னல் அப்டேட்டை மின்வெட்டு அறிவித்த நாளில் போடாதீர்கள்.
* ஒரே பிரதி உள்ள பைல், பைலே இல்லை என்று நினையுங்கள். மாதம் ஒரு முறை வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, பிறகு கழற்றி வையுங்கள்.

பூட் ஆகாத கம்ப்யூட்டர் முன் உட்காரும்போது வரிசை இதுதான்: செய்தியைப் படியுங்கள், ஸ்டேஷனைக் கண்டுபிடியுங்கள், பைல்களை வெளியே எடுங்கள், பிறகு ரிப்பேர் செய்யுங்கள். பார்மட் என்பது இந்த நான்கும் முடிந்த பிறகு, வேறு வழியே இல்லை என்றால் மட்டும்.